மாறும் திறவுகோல்

நுழையும்முன்

பூட்டு செய்யக் கற்ற மனிதன், திறவுகோலைக் காக்கும் கவலையையும் உடன் பெற்றான். கண்ணுக்குப் புலப்படாத கணினி வலையமைப்பிலும் பூட்டுகள் உண்டு, திறவுகோல்கள் உண்டு, அவை களவுபோவதும் உண்டு. தொலைவில் இருக்கும் ஒரு கருவியின் திறவுகோலை, பிறர் ஒட்டுக்கேட்கக்கூடிய அதே வழியில் செய்தி அனுப்பி எவ்வாறு மாற்றுவது? இவ்வினாவுக்கு அறிஞர்கள் கண்ட விடையையும் அவ்விடையின் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரத்து வலையமைப்பு

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. மலைக்கு அப்பால், கேரளத்தின் புற்றடியில் மற்றொரு மையம் உள்ளது. வணிகர்கள் கணினித் திரையை நோக்கி விலை கேட்கின்றனர். சில நொடிகளில் ஒரு விவசாயியின் ஓராண்டு உழைப்புக்கு விலை முடிவாகிவிடுகிறது. தேவாரம், கோம்பை, போடி ஆகிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களின் கூலிகூட ஒருவகையில் அந்த விலையோடு பிணைந்ததுதான். முன்பு இப்பகுதிக்குச் சாலை அறுந்தால் வணிகம் நின்றது. இன்று இணையம் அறுந்தாலும் நிற்கிறது.

ஏலம் மட்டுமன்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பணியைப் பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. இத்தகைய பெருவலையமைப்பில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கருவி அமைந்திருக்கும். அக்கருவி வெப்பமடைந்துள்ளதா, மின்சாரம் வருகிறதா, எந்த வடம் அறுந்துள்ளது என்பவற்றை அறிய ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்புதல் இயலாது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சென்று, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்புவதற்கு ஒரு பகல் ஆகிவிடும். ஆகவே, ஓரிடத்தில் அமர்ந்தபடியே எல்லாக் கருவிகளையும் நலம் உசாவவும் கட்டளையிடவும் வழிசெய்யும் மென்பொருளை உருவாக்கினர். அதுவே வலையமைப்பு மேலாண்மை மென்பொருள்.

நடுவில் அமர்ந்து வினவும் மென்பொருளை ‘மேலாளர்’ என்றும், கருவிக்குள் இருந்து விடைதரும் சிறு மென்பொருளை ‘முகவர்’ என்றும் வழங்குவர். இருவரும் பேசிக்கொள்ளும் மொழிகளுள் பரவலானது எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை. சுருக்கமாக, எஸ்.என்.எம்.பி.

எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்

இந்நெறிமுறையின் முதல் வடிவம் 1988ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று இணையம் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் பழகிய சிறு சுற்றமாக இருந்தது. வேலியைவிட வசதியே முதன்மையாகக் கருதப்பட்டது. ஆதலால் மேலாளர் தன்னை அடையாளம் காட்ட ஒரு சொல்லை அனுப்பினால் போதும் என்று வைத்தனர். ‘சமூகப் பெயர்’ என்பது அச்சொல்லுக்குரிய பெயர். அது எவ்வித மறைப்பும் இன்றி, அஞ்சலட்டையில் எழுதியதுபோல், வழியெங்கும் படிக்கத்தக்கதாகச் சென்றது.

அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பல கருவிகள் விற்பனைக்கு வரும்போதே, படிப்பதற்குரிய சொல்லாக ‘பப்ளிக்’ என்பதையும், மாற்றி எழுதுவதற்குரிய சொல்லாக ‘பிரைவேட்’ என்பதையும் தாங்கி வந்தன. வாங்கியோரில் பலர் அவற்றை மாற்றவே இல்லை. வீட்டைப் பூட்டித் திறவுகோலை வாசற்படியில் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. மேலாண்மைச் சொல்லை அறிந்த அயலான் ஒருவன், கருவியின் அமைப்பை முழுவதும் படித்துக்கொள்ளலாம். எழுதும் உரிமையும் வாய்த்தால் ஓர் ஊரின் இணைப்பையே அணைத்துவிடலாம். அமெரிக்க, பிரிட்டன் அரசுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள் 2018 ஏப்ரலில் கூட்டாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. வலையமைப்புக் கருவிகளைத் தாக்குவோர் இந்தப் பழைய நெறிமுறையையும் ஒரு நுழைவாயிலாகப் பயன்படுத்துவதை அது சுட்டிக்காட்டியது. நெறிமுறை தோன்றி 30 ஆண்டுகள் ஆன பின்னரும் வாசற்படித் திறவுகோல்கள் அங்கேயே இருந்தன.

ஒரு கடவுச்சொல், பல திறவுகோல்கள்

குறைகளைக் களைந்த மூன்றாம் வடிவம் 1998இல் வெளியாகி, 2002 திசம்பரில் முழுத் தரநிலைக்கு உரிய செம்மையான வடிவைப் பெற்றது. இதன் பாதுகாப்புப் பகுதியை விளக்கும் ஆவணம், ஆர்.எஃப்.சி. 3414 என்னும் எண்ணுடையது. இதை எழுதியோர் யூரி புளூமெந்தால், பெர்ட் வைனன் ஆகிய இருவர்.

புதிய முறையில் திறவுகோல் வழியில் பயணம் செய்வதே இல்லை. மேலாளரிடமும் முகவரிடமும் ஒரே திறவுகோல் உள்ளது. மேலாளர் தன் செய்தியையும் திறவுகோலையும் சேர்த்துக் கணித்து ஒரு சிறு முத்திரையைப் பெற்று, அம்முத்திரையைச் செய்தியுடன் அனுப்புகிறார். முகவரும் தன்னிடமுள்ள திறவுகோலால் அதே கணிப்பைச் செய்து பார்க்கிறது. முத்திரைகள் ஒத்தால் செய்தி மெய்யானது. வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. இவ்வாறு அனுப்பியவரை மெய்ப்பிக்கப் பயன்படுவதால் அது உறுதிப்பாட்டுத் திறவுகோல் எனப்படும்.

முத்திரையிடும் கணிப்புக்கு அடிப்படை ‘ஹாஷ்’ என்னும் ஒருவழிக் கணிப்பு. எவ்வளவு நீண்ட செய்தியையும் குறிப்பிட்ட நீளமுள்ள குறியாக அது சுருக்கித் தரும். ஏலக்காயை உரலில் இட்டுப் பொடியாக்கலாம். பொடியைக் கூட்டிக் காயாக்க முடியாது. ஹாஷும் அத்தகையதே.

மனிதர்க்கு நினைவில் நிற்பது சொல். கருவிக்கு வேண்டியது திறவுகோல். நிருவாகி தரும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி 10,48,576 எழுத்துகள் கொண்ட நீண்ட சரமாக்கி, அதனை ஹாஷ் செய்கின்றனர். இத்துணை உழைப்பு எதற்கு? கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் திருடனும் ஒவ்வோர் ஊகத்துக்கும் இவ்வளவு உழைக்க வேண்டும் என்பதற்காகவே. 1990களின் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. இன்றைய கணினிகளுக்கு அன்று. ஆகவே, ஊர்ப்பெயரோடு 123 சேர்த்துக் கடவுச்சொல் வைப்பவரை இந்தக் கணிப்பு காப்பாற்றும் என்று நம்புவதற்கில்லை.

கிடைத்த விடையோடு ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்ணைச் சேர்த்து, மீண்டும் ஒருமுறை ஹாஷ் செய்கின்றனர். இதனால் சிலமலையில் உள்ள கருவிக்கு ஒரு திறவுகோலும் இராசிங்காபுரத்தில் உள்ள கருவிக்கு வேறொரு திறவுகோலும் அமைகின்றன. நிருவாகி நினைவில் வைப்பதோ ஒரே கடவுச்சொல். சாலையோரப் பெட்டியை உடைத்து ஒரு கருவியைத் திருடிச் சென்றவனுக்கு அந்த ஒரு கருவியின் திறவுகோல் மட்டுமே கிட்டும். அடுத்த ஊரின் கதவு திறக்காது. இந்நெறிமுறையின் அழகிய பகுதி இதுவே எனலாம்.

சீட்டில் எழுதிய வேறுபாடு

நல்ல திறவுகோலும் என்றென்றும் நல்லதாய் இராது. பணியாளர் ஒருவர் விலகிச் செல்வார். ஒப்பந்த நிறுவனம் மாறும். பழைய கணினி ஒன்று தரவு அழிக்கப்படாமல் விற்கப்படும். அப்போதெல்லாம் திறவுகோலை மாற்றியாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. புதிய திறவுகோலை மேலாளர் எப்படி அனுப்புவது? அப்படியே அனுப்பினால் வழியில் ஒட்டுக்கேட்பவன் எடுத்துக்கொள்வான்.

ஒரு சூழலைக் கற்பனை செய்வோம். மலைமேல் ஏலக்காய் ஸ்டோர் ஒன்று, அதற்கு எண்பூட்டு, பூட்டின் எண் 4716. அதை அறிந்தவர் இருவர்: தேவாரத்தில் இருக்கும் உரிமையாளரும் ஸ்டோரில் இருக்கும் கணக்கப்பிள்ளையும். உரிமையாளர் எண்ணை 7214 என்று மாற்ற விரும்புகிறார். முன்பின் அறியாத ஜீப் ஓட்டுநரிடம்தான் சீட்டைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவர் சீட்டில் எழுதுவது 3508. கணக்கப்பிள்ளை ஒவ்வோர் இலக்கத்தோடும் இதைக் கூட்டுகிறார். பத்தைத் தாண்டினால் ஒன்றாம் இலக்கத்தை மட்டும் கொள்கிறார். நான்கும் மூன்றும் ஏழு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, எனவே இரண்டு. ஒன்றும் சுழியும் ஒன்று. ஆறும் எட்டும் பதினான்கு, எனவே நான்கு. கிடைப்பது 7214. ஓட்டுநர் சீட்டைப் பிரித்துப் படித்தாலும், பழைய எண் தெரியாதவரை அந்த 3508 அவருக்கு ஒன்றையும் சொல்வதில்லை.

கணினி இக்கூட்டலை இருமக் குறிகளில் செய்கிறது. இரண்டு குறிகள் ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1. இதனை ‘விலக்கு அல்லது’ என்று கணினியியலில் படித்திருப்பீர்கள். 10110010 என்பதனோடு 01101100 என்பதை இவ்வாறு சேர்த்தால் 11011110 கிடைக்கும். இந்த விடையை மீண்டும் 10110010 உடன் சேர்த்துப் பாருங்கள். 01101100 திரும்பி வரும். பூட்டவும் திறக்கவும் ஒரே கணிப்பு.

ஆனால் நம் ஜீப் ஓட்டுநர் பொறுமைசாலி என்று கொள்வோம். ஆண்டுக்கணக்கில் எல்லாச் சீட்டுகளையும் படியெடுத்து வைத்திருக்கிறார். ஒருநாள் இன்றைய எண் மட்டும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கூட்டியதைக் கழித்துக்கொண்டே பின்னோக்கிச் சென்றால் எல்லாப் பழைய எண்களும் வெளிப்பட்டுவிடும். இதைத் தடுக்கவே நெறிமுறையில் ஹாஷ் மீண்டும் வருகிறது. மேலாளர் முதலில் ஒரு தற்செயல் எண்ணை உருவாக்குகிறார். பழைய திறவுகோலோடு அதைச் சேர்த்து ஹாஷ் செய்கிறார். அந்த ஹாஷையும் புதிய திறவுகோலையும் ‘விலக்கு அல்லது’ கணிப்பால் இணைத்து வேறுபாட்டைப் பெறுகிறார். தற்செயல் எண், வேறுபாடு ஆகிய இரண்டு மட்டுமே வழியில் செல்கின்றன. முகவர் தன்னிடமுள்ள பழைய திறவுகோலால் அதே ஹாஷைக் கணித்து, வேறுபாட்டிலிருந்து புதிய திறவுகோலை மீட்டுக்கொள்கிறது. இன்றைய திறவுகோலைத் திருடியவன் பின்னோக்கி நடந்தால் அவனுக்குக் கிட்டுவது ஹாஷ் பொடிதான். பழைய காய் கிட்டாது.

தற்செயல் எண்ணுக்கும் காரணம் உண்டு. முதல் முயற்சி தோற்று, அதே பழைய திறவுகோலிலிருந்து வேறொரு புதிய திறவுகோலுக்கு மாற முயன்றால், இரண்டு வேறுபாடுகளையும் ஒப்பிட்டு ஒட்டுக்கேட்பவன் எதையேனும் அறிய வாய்ப்புண்டு. ஒவ்வொரு முறையும் புதிய தற்செயல் எண் வந்தால் அவ்வொப்பீடு பயனற்றுப்போகும்.

விடை வராதபோது

கணிதம் சரியாக இருந்தாலும் கம்பி சரியாக இருக்க வேண்டுமே! இச்செய்திகள் போய்ச் சேர்ந்ததற்கு உறுதி தராத போக்குவரத்து முறையில்தான் பெரும்பாலும் செல்கின்றன. மேலாளர் கட்டளை அனுப்புகிறார், விடை வரவில்லை. கட்டளை வழியில் தொலைந்ததா? அன்றிக் கட்டளை சேர்ந்து, திறவுகோலும் மாறி, விடைமட்டும் தொலைந்ததா? முதலாவது உண்மையெனில் பழைய திறவுகோலே செல்லும். இரண்டாவது உண்மையெனில் புதியதே செல்லும். மழைக்காலத்தில் மலைச்சரிவுகளில் இணைப்பு விட்டுவிட்டு வருவதை அறிந்தோர்க்கு இது வெறும் ஐயமாகத் தோன்றாது.

நெறிமுறை இதற்கு எளிய தீர்வு ஒன்றை வைத்துள்ளது. திறவுகோலை மாற்றும் அதே கட்டளையில், யாவரும் படிக்கத்தக்க ஒரு குறிப்பிடத்திலும் ஒரு புதிய தற்செயல் மதிப்பை எழுதச் சொல்கிறார் மேலாளர். இரண்டும் சேர்ந்தே நடக்கும். அல்லது இரண்டும் நடவா. விடை வராவிட்டால் அக்குறிப்பிடத்தைப் படித்துப் பார்த்தால் போதும். புதிய மதிப்பு இருந்தால் திறவுகோல் மாறிவிட்டது. பழையது இருந்தால் மாறவில்லை. திறவுகோலைப் பற்றி ஒன்றையும் வெளிவிடாமலே அது மாறிய செய்தியை மட்டும் சொல்லும் அடையாளம் அது.

இரண்டு நிருவாகிகள் ஒரே நேரத்தில் மாற்ற முனைந்தால் குழப்பம் நேராதா? அதற்கும் ஓர் எண் உண்டு. கட்டளையிடுவோர் முதலில் அவ்வெண்ணைப் படித்துக் கட்டளையோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவர் கட்டளை நிறைவேறியதும் எண் ஒன்று கூடிவிடும். மற்றவர் கட்டளை பழைய எண்ணைத் தாங்கி வருவதால் தள்ளப்படும்.

பட்டறிவு மிக்க நிருவாகிகள் இதனினும் எச்சரிக்கையான வழியைக் கையாள்வர். பழைய பயனர் கணக்கை அப்படியே வைத்து, அதன் படியாகப் புதிய கணக்கு ஒன்றை உருவாக்குவர். படிக்கு முதலில் மூலத்தின் திறவுகோலே இருக்கும். அதை மாற்றிய பின்னரே அக்கணக்கு செயற்பட நெறிமுறை இசைகிறது. புதிய கணக்கால் எல்லாக் கருவிகளும் விடை தருகின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குவர்.

இவ்வாறு பழையதும் புதியதும் சிலகாலம் உடனிருக்கும் முறை உலக அளவிலும் பின்பற்றப்பட்டுள்ளது. இணையப் பெயர் முறைமையின் ஆணிவேரை மெய்ப்பிக்கும் தலைமைத் திறவுகோல் 2010இல் நடைமுறைக்கு வந்தது. அதை 2017 அக்டோபர் 11 அன்று மாற்றத் திட்டமிட்டனர். புதியது முன்னரே வெளியிடப்பட்டு, உலகெங்கும் உள்ள கணினிகள் அதைக் கற்றுக்கொள்ளக் காலமும் தரப்பட்டது. ஆயினும், சில கணினிகள் இன்னும் பழையதையே நம்பியிருந்தமை தெரியவந்ததால் மாற்றத்தைத் தள்ளிவைத்தனர். சரியாக ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் 11 அன்று அது நிறைவேறியது. அறிவித்த நாளைக் கைவிட்டுக் காத்திருக்கும் துணிவு பெரிய நிறுவனங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அன்று அது வாய்த்தது.

நேரில் செல்ல வேண்டிய நேரம்

இவ்வளவு நுட்பமான முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பழைய எண்ணை ஜீப் ஓட்டுநர் முன்பே அறிந்திருந்தால் என்னாகும்? சீட்டைப் பிரித்த மாத்திரத்தில் புதிய எண்ணும் அவருடையதாகிவிடும். ஹாஷும் தற்செயல் எண்ணும் இங்கு உதவா. பழைய திறவுகோலை வைத்திருப்பவன் முகவர் செய்யும் அதே கணிப்பைத் தானும் செய்வான். அடுத்த மாற்றம், அதற்கடுத்த மாற்றம் என்று கண்ணி அறாமல் பின்தொடர்வான். பின்னோக்கிய பாதையை அடைத்த ஹாஷ், முன்னோக்கிய பாதையை அடைப்பதில்லை.

இதனை மறந்துவிடுவோர் பலர். திறவுகோல் களவுபோயிற்று என்று அறிந்ததும், இருந்த இடத்திலிருந்தே புதியதை அனுப்பிவிட்டு நிம்மதியடைகின்றனர். ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்யும் மாற்றத்துக்கு இம்முறை முற்றிலும் பொருந்தும். களவுக்குப் பின் செய்யும் மாற்றத்துக்கு, யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்னும் உறுதி இருந்தாலன்றி இது பொருந்தாது. அப்போது வேறு வழி தேவை. ஒருவர் கருவி இருக்கும் இடத்துக்கே சென்று, அதன் கட்டுப்பாட்டுத் துளையில் தம் கணினியை நேரடியாக இணைத்துப் புதிய திறவுகோலைப் பதிய வேண்டும். எந்தச் சாலைப் பயணத்தைத் தவிர்க்க இம்மென்பொருள் பிறந்ததோ, அதே பயணத்தை மேற்கொள்ளும் நாள் அது.

முன்பின் உடன்பாடு இல்லாத இருவர், பிறர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பொது இரகசியத்தை உருவாக்கும் கணித வழி ஒன்றை டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர்கள் 1976இல் வெளியிட்டனர். அவ்வழியை இந்நெறிமுறையோடு இணைக்கும் ஆவணம் 2000ஆம் ஆண்டு வந்தது. வெறுமனே ஒட்டுக்கேட்பவனை இம்முறை வெல்லும். வழியில் நின்று செய்திகளையே மாற்றியனுப்புபவனை வெல்ல இதனோடு வேறு பாதுகாப்பும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மூன்றாம் வடிவம் தொடக்கத்தில் பயன்படுத்திய எம்.டி.5, ஷா-1 ஆகிய ஹாஷ் முறைகள் இன்று வலிமை குன்றியவையாகக் கருதப்படுகின்றன. அவற்றுக்கு மாற்றாக ஷா-2 குடும்பத்து முறைகளைப் பயன்படுத்தும் வழி பின்னர் தரப்படுத்தப்பட்டது. திறவுகோலை மாற்றும்போது, பூட்டின் வகையையும் பார்ப்பது நலம்.

மாற்றிய பின்

புதிய திறவுகோல் பதிந்ததும் பணி முடிந்ததாக நிருவாகி எழுந்துவிடலாகாது. ஒவ்வொரு முகவரும் தன்னுள் ஓர் எண்ணிக்கையைப் பேணுகிறது. முத்திரை பொருந்தாத செய்தி வரும்போதெல்லாம் அவ்வெண்ணிக்கை ஒன்று கூடும். மாற்றத்துக்கு மறுநாள் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். அது ஏறாமல் நின்றால் நன்று. ஏறிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒருவர் இன்னும் பழைய திறவுகோலால் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

தட்டுவது பெரும்பாலும் நம்மவராகவே இருக்கும்: எவரும் நினைவில் வைத்திராத ஒரு பழைய கண்காணிப்புக் கணினி, என்றோ ஒரு பொறியாளர் எழுதி ஓடவிட்ட சிறு நிரல். சில வேளைகளில் அது அயலானாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்தறியப் பதிவேடுகள் வேண்டும். இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள் பேணவும், இணையத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பணிக்கிறது. எண்ணிக்கை ஏறிய நேரத்தையும் பதிவேட்டில் உள்ள முகவரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் நிருவாகி. முகவரி தம் அலுவலகத்துக்குரியதாயின் மறந்துபோன கணினியைத் தேடுவார். அன்றெனில், தொலைவிலிருந்து செய்த மாற்றத்தை நம்பாமல், மலைக்குச் செல்லும் அடுத்த ஜீப்பில் ஓர் இடம் பிடிப்பார்.